சுவாகிலி மொழி: வரலாறும் வணக்கச் சொற்களும்

சுவாகிலி, கிழக்கு ஆப்பிரிக்காவில் பேசப்படும் பாந்து மொழிகளுள் ஒன்று. இதைப் பேசுவோர் தம் மொழியைக் 'கிசுவாகிலி' என்பர். தான்சானியா, கென்யா ஆகிய நாடுகளில் இது தேசிய மொழியாகவும் ஆட்சி மொழியாகவும் விளங்குகிறது. கடற்கரைகள் எனப் பொருள்படும் 'சவாஹில்' என்ற அரபுச் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது.

தோற்றம்

மொம்பாசா, கில்வா, சான்சிபார் முதலிய துறைமுகங்களுக்குப் பருவக்காற்றின் துணையோடு அரபு, பாரசீக, இந்திய வணிகர்கள் பல நூற்றாண்டுகளாக வந்து சென்றனர். இதனால் சுவாகிலியில் அரபுச் சொற்கள் மிகுதியாகக் கலந்தன. ஆயினும் இது அரபியின் கிளைமொழி அன்று. இதன் இலக்கணம் பாந்து இலக்கணமே. கத்தியைக் குறிக்கும் 'கிசு' பன்மையில் 'விசு' ஆகும். புத்தகத்தைக் குறிக்கும் 'கிதாபு' அரபியிலிருந்து வந்த சொல். அதன் முதலெழுத்தையும் ஒருமை முன்னொட்டாகவே கொண்டு, பன்மையில் 'விதாபு' என்கின்றனர். போர்த்துக்கேயரிடமிருந்து பெற்ற 'மேசா' என்ற சொல்லும் இதில் உண்டு. நமது 'மேசை'க்கும் அதுவே மூலம்.

வளர்ச்சி

தொடக்கத்தில் சுவாகிலி அரபு எழுத்தில் எழுதப்பட்டது. 1711ஆம் ஆண்டளவில் கில்வாவில் எழுதப்பட்ட சுவாகிலிக் கடிதங்கள் கோவா ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 19ஆம் நூற்றாண்டில் தந்தமும் அடிமைகளும் தேடிச் சென்ற வணிகக் கூட்டங்களுடன் இம்மொழி உள்நாட்டிலும் பரவியது. 1928இல் மொம்பாசாவில் நடைபெற்ற மாநாடு சான்சிபார் வழக்கைப் பொதுத்தர வழக்காகத் தேர்ந்தது.

1954 ஜூலை 7இல் ஜூலியஸ் நைரேரே தலைமையில் டாங்கனீக்காவில் தோன்றிய விடுதலைக் கட்சி, நூற்றுக்கு மேற்பட்ட இனக்குழுக்களை இம்மொழியால் இணைத்தது. அடிமை வணிகப் பாதையில் பரவிய மொழி, விடுதலையின் மொழியாயிற்று. ஜூலை 7ஐ உலக சுவாகிலி நாளாக யுனெஸ்கோ 2021இல் அறிவித்தது.

பயணிகள் அறிய வேண்டியவை

வெளிநாட்டவரிடம் 'ஜாம்போ' என்று சுருக்கமாகக் கூறுவது உண்டு. முறையான வணக்கம் 'ஹுஜாம்போ?' என்பதாகும், நலமா என்பது கருத்து. 'சிஜாம்போ' (நலமே) என்று விடை கூற வேண்டும். 'ஹபாரி கானி?' (என்ன செய்தி?) என்றால் 'ன்சூரி' (நல்லது) என்பது விடை.

வயதில் மூத்தவரைக் காணும்போது இளையவர் 'ஷிகாமோ' என்பர். மூத்தவர் 'மரஹபா' என்று ஏற்றுக்கொள்வார். உங்கள் பாதங்களைப் பற்றுகிறேன் என்பது ஷிகாமோவுக்குக் கூறப்படும் மூலப்பொருள். பெரியவர்களுக்கு இதைச் சொல்லத் தவறுவது மரியாதைக் குறைவு.

வீட்டு வாசலில் நின்று 'ஹோதி' என்று குரல் கொடுத்து, 'கரிபு' (வருக) என்ற விடை கேட்ட பின்னரே உள்ளே செல்வர். நன்றிக்கு 'அசாந்தே', விடைபெற 'க்வாஹேரி' என்பர்.

நேரத்தைக் கேட்கும்போது கவனம் தேவை. சுவாகிலியில் மணிக்கணக்கு காலை 6 மணியிலிருந்து தொடங்குகிறது. 'சா மோஜா' என்றால் சொல்லளவில் 1 மணி. ஆனால் குறிப்பது 7 மணி. இதை அறியாத பயணி பேருந்தைத் தவறவிட நேரும்.