வலிப்பு மாத்திரையும் தைராய்டும்: நாஞ்சில் நாட்டிலிருந்து ஒரு பார்வை

வலிப்பு நோய்க்குப் பழந்தமிழில் வழங்கிய பெயர்களுள் ஒன்று முயலகன். கொல்லி மழவனின் மகளைப் பற்றியிருந்த முயலகனைத் திருஞானசம்பந்தர் திருப்பாச்சிலாச்சிராமத்தில் பதிகம் பாடித் தீர்த்தார் என்கிறது பெரியபுராணம். அந்த நோயாளி ஒரு சிறுமி என்பது கவனிக்கத்தக்கது. வலிப்பு பலருக்குப் பிள்ளைப் பருவத்திலேயே தலைகாட்டுகிறது. 1956 வரை திருவிதாங்கூரோடும் அதன் பின் வந்த திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த, நாஞ்சில் நாட்டை உள்ளடக்கிய இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், தமிழின் காக்காய் வலிப்போடு மலையாளத்தின் அபஸ்மாரமும் சுழலியும் காதில் விழுந்தன. துடிக்கும் பிள்ளையின் கையில் சாவிக்கொத்தையோ அரிவாளையோ திணிக்கும் வழக்கம் இன்னும் முற்றிலும் போகவில்லை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும். அடங்கியதன் பெருமை இரும்புக்குப் போய்ச் சேர்ந்தது.

வர்ம ஆசான்களின் மண்ணான இங்கே ஆங்கில மருத்துவம் முன்னதாகவே வந்துவிட்டது. இலண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838-ல் இங்குள்ள நெய்யூருக்கு வந்தார். 1861-ல் வந்த ஜான் லோ, உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். எவரெஸ்ட் ஏறச் சென்ற சோமர்வெல் பின்னாளில் நெய்யூர் மருத்துவமனையில் அறுவை மருத்துவராக நெடுங்காலம் உழைத்தார்.

நெய்யூர் மருத்துவமனை வேரூன்றிய அதே காலத்தில்தான் வலிப்புக்கு முதன்முதலாக வேலை செய்யும் மருந்து கிடைத்தது. 1857-ல் இலண்டனில் சார்ல்ஸ் லோக்காக் பொட்டாசியம் புரோமைடின் பயனை எடுத்துச் சொன்னார். அதிலுள்ள புரோமின் 1826-ல் பிரான்சில் உப்பளத்துக் கழிநீரிலிருந்து பிரிக்கப்பட்ட தனிமம். அயோடினுக்கு நெருங்கிய உறவு. அந்த உறவினாலேயே அது உடலில் அயோடினின் இடத்துக்குப் போட்டியிடுகிறது என்று விலங்குச் சோதனைகள் காட்டின. தைராய்டு சுரப்புக்கு மூலப்பொருளே அயோடின்தான். ஆக, வலிப்பு மருந்துக்கும் தைராய்டுக்கும் உள்ள உரசல் முதல் மருந்திலேயே தொடங்கிவிட்டது.

1912-ல் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் ஹாப்ட்மன் பினோபார்பிட்டோனைக் கொண்டுவந்தார். 1938-ல் அமெரிக்காவில் மெரிட்டும் பட்னமும் பெனிட்டோயினைக் கொண்டுவந்தனர். இந்திய வீடுகளில் முன்னது ‘கார்டினால்’, பின்னது ‘எப்டாயின்’. விலை குறைவு என்பதால் ஏழைப் பிள்ளைகளை நெடுங்காலம் காத்தவை இவைதாம். 1960-களில் கார்பமசெபின் சேர்ந்துகொண்டது.

1961-ல் ஒப்பன்ஹைமரும் சகாக்களும் பெனிட்டோயின் உண்பவர்களின் இரத்தத்தில் புரதத்தோடு பிணைந்த அயோடின் குறைந்திருப்பதைக் கண்டனர். ஆனால் அந்த நோயாளிகளிடம் தைராய்டு குறைபாட்டின் அறிகுறி இல்லை. காரணம் படிப்படியாகத்தான் விளங்கியது. தைராய்டு சுரக்கும் தைராக்சின் (டி4) இரத்தத்தில் புரதங்களின் மேல் ஏறிப் பயணம் செய்கிறது. பெனிட்டோயின் அதை அந்த இருக்கையிலிருந்து இறக்கிவிடுகிறது. அத்துடன் பெனிட்டோயின், பினோபார்பிட்டோன், கார்பமசெபின் மூன்றும் கல்லீரலின் நொதிகளை முடுக்கி, தைராக்சினை விரைவாகக் கழித்துவிடுகின்றன. எனவே டி4 அளவு இறங்கும், தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரியின் டி.எஸ்.எச். பெரும்பாலும் இயல்பாகவே நிற்கும். டி4 தாளை மட்டும் பார்த்துப் பிள்ளைக்குத் தைராய்டு நோய் என்று முடிவுகட்டுவது தவறு.

வால்புரோயேட்டின் போக்கு வேறு. 1962-ல் பிரான்சின் கிரெனோபிளில், பிற மருந்துகளைக் கரைக்கும் திரவமாக இருந்தபோது தற்செயலாக அதன் குணம் வெளிப்பட்டது. இதை உண்ணும் பிள்ளைகள் சிலரிடம் டி4 இயல்பாக இருக்க, டி.எஸ்.எச். மட்டும் சற்று ஏறுகிறது. காரணத்துக்குப் பல விளக்கங்கள் உண்டு, எதுவும் முடிவானதல்ல. ஃபின்லாந்து ஆய்வாளர்கள் வலிப்புள்ள சிறுமிகளைத் தொடர்ந்து கவனித்து 2004-ல் வெளியிட்ட ஆய்வு ஆறுதலானது: மருந்தை நிறுத்திய பின் இம்மாற்றங்கள் சீராகிவிட்டன. பின்னர் வந்த லெவடிராசிட்டம் தைராய்டை அநேகமாகத் தொடுவதில்லை.

நாஞ்சில் நாட்டுச் சோற்றுத்தட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மரச்சீனிப் பயிரை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது ஏழைகளின் பசியை ஆற்றியதும் அந்தக் கிழங்குதான். அதிலுள்ள சயனைடு உடலில் தயோசயனேட்டாகி, தைராய்டுக்குள் அயோடின் நுழைவதைத் தடுக்கும். அயோடின் போதுமானால் பாதிப்பு தெரியாது. கிழங்கோடு மீன்குழம்பு சேர்த்து உண்டவர்களுக்கு அந்த அயோடினில் ஒரு பங்கை மீனே தந்தது. உப்பின் கதை வேறு. சாமிதோப்பு, புத்தளம் அளங்களில் விளையும் கல்லுப்பில், கடல்நீரில் விளைந்தாலும், அயோடின் மிகச் சொற்பம், சேர்த்தால்தான் உண்டு. அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கென விற்பதற்கு 2006 மே மாதம் நாடெங்கும் தடை வந்தது. வலிப்பு மாத்திரை உண்ணும் பிள்ளை இருக்கும் வீட்டில் அயோடின் சேர்த்த உப்புப் பாக்கெட்டுக்குக் கூடுதல் மதிப்பு.

1956-ல் எல்லை பிரிந்த பிறகும் சிகிச்சை தேடும் குமரிக் குடும்பங்களுக்குத் திருவனந்தபுரம் பக்கத்து ஊராகவே இருந்தது. அங்குள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் 1995-ல் வலிப்புக்கான அறுவைச் சிகிச்சைத் திட்டம் தொடங்கியது. ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2001-ல் வந்தது.

மாத்திரை உண்ணும் பிள்ளையிடம் தெரியும் சோர்வு, எடை கூடுதல், வளர்த்தி குறைதல், படிப்பில் மந்தம் ஆகியவற்றை நோயின் மேலோ மாத்திரையின் தூக்கத்தின் மேலோ போட்டுவிடுவது எளிது. தைராய்டு குறைந்தாலும் இதே தோற்றம்தான். பிரித்துக் காட்ட டி.எஸ்.எச்.சும் புரதத்தோடு பிணையாத, கட்டற்ற டி4-ம் சேர்ந்த இரத்தப் பரிசோதனை வேண்டும். டி.எஸ்.எச். லிட்டருக்கு 10 மில்லி யூனிட்டுக்குள் சற்றே ஏறியிருந்து பிள்ளை நலமாக இருந்தால், பெரும்பாலும் சில மாதங்களில் மறுபடி பார்ப்பதே போதும். தைராய்டைக் காட்டி வலிப்பு மாத்திரையைப் பெற்றோர் தாமாக நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்தினால் ஓயாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.