மணலில் எழுதிய விரல்கள்

திருத்தணிக்கு அப்பால், ஆந்திர எல்லைக்கு அருகே அமைந்துள்ள நெசவாளர் ஊர் அம்மையார்குப்பம். அதன் தெருக்களில் காலையில் நடப்பவரை முதலில் வரவேற்பது தறியோசையே. அந்த ஓசையிலேயே பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு மொழிதான். ஓசையில் ஏற்படும் சிறு மாற்றத்தைக் கேட்டே இழை அறுந்ததை உணர்ந்துகொள்ளும் சிறுவன் நெசவாளர் வீட்டில் அரிதல்லன். அதே சிறுவன், பள்ளியில் பாடநூலின் நான்கு வரிகளை வாசிக்கச் சொன்னால் வாயடைத்து நிற்கக்கூடும். தறியருகே அத்துணைக் கூர்மையாய் இருந்த அறிவு, கரும்பலகையின் முன்னே எங்கே போயிற்று?

இக்கேள்விக்கு நாம் நெடுங்காலமாக ஓர் எளிய விடையை வைத்திருக்கிறோம். 'மக்கு' என்கிறோம், 'சோம்பேறி' என்கிறோம், பிறகு அவன் முரண்டு பிடிக்கத் தொடங்கினால் 'போக்கிரி' என்கிறோம். அந்த எளிய விடை தவறானது என்று மானிடம் கண்டுகொண்ட வரலாறு நீண்டது. அவ்வரலாற்றின் ஓர் இழை நம் தமிழகத்துத் திண்ணையிலிருந்தே புறப்பட்டது என்பது வியப்புக்குரியது.

பழைய திண்ணைப் பள்ளிகளை நினைத்துப் பாருங்கள். தரையில் பரப்பிய மணலில் பிள்ளை விரலால் 'அ' எழுதும். எழுதும்போதே உரக்கச் சொல்லும். கண் பார்க்க, காது கேட்க, வாய் ஒலிக்க, விரல் உணர, ஓர் எழுத்து நான்கு வாயில்கள் வழியாக உள்ளே புகுந்தது. மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். இதைச் சொல்வதால் திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக்கிவிட வேண்டாம். அங்கே பிரம்பு இருந்தது; கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் இருந்தது; பல சாதிப் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் அத்திண்ணையில் இடமே இல்லை. எனினும் மணலும் விரலும் சேர்ந்த அந்த முறையில் ஓர் உண்மை இருந்தது.

அதைக் கண்டு வியந்தவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துக் குரு. 1789-இல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் கண்காணிப்பை அவர் ஏற்றார். உள்ளூர்ப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் எழுதக் கண்டு, அதையே தம் பள்ளியிலும் செய்யச் சொன்னார். ஆசிரியர் அது நடவாது என்றார். பெல் தளரவில்லை, எழுத்துப் பயிலும் வகுப்பை ஜான் ஃபிரிஸ்கன் என்ற சிறுவனிடமே ஒப்படைத்தார். வகுப்பு நன்றாகவே நடந்தது. 1797-இல் லண்டனில் பெல் வெளியிட்ட நூலின் வழியாக 'சென்னை முறை' என்ற பெயரில் அம்முறை இங்கிலாந்தெங்கும் பரவியது. கடல் கடந்து சென்றது சட்டாம்பிள்ளை ஏற்பாடுதான். அதனால் செலவு குறைந்தது. ஆனால் விரல்வழி கற்பது மெதுவாகக் கற்கும் பிள்ளைக்கு எத்துணைத் துணை செய்யும் என்பதை எண்ணிப் பார்க்க, உலகிற்கு இன்னும் நூறாண்டுக்கு மேல் தேவைப்பட்டது.

1887-இல் ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர், பார்வையும் பேச்சும் நலமாயிருந்தும் மூளைப் பாதிப்பினால் வாசிக்கும் ஆற்றலை இழந்த பெரியவர்களைக் கண்டு, அந்நிலைக்கு 'டிஸ்லெக்ஸியா' என்று பெயரிட்டார். 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், பெர்சி என்ற பதினான்கு வயதுச் சிறுவனைப் பற்றி மருத்துவ இதழொன்றில் எழுதினார். பெர்சிக்கு மூளையில் அடி ஏதும் படவில்லை. அவன் அறிவுள்ளவன்; விளையாட்டில் தன் வயதினர்க்குச் சளைக்காதவன்; எண்களும் அவனைத் துன்புறுத்தவில்லை. ஆயினும் ஆண்டுக்கணக்கில் பயிற்றுவித்தும் சொற்கள் அவன் கண்ணுக்குப் பிடிபடவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் பதிவு செய்தார்.

அந்த 1896-ஆம் ஆண்டு திருத்தணிக்கும் ஒரு வகையில் உரியது. 1888 செப்டம்பர் 5-இல் இங்கே பிறந்த ராதாகிருஷ்ணன், ஏறத்தாழ எட்டு வயதில் மேற்படிப்பைத் தொடரத் திருப்பதியிலுள்ள லூத்தரன் மிஷன் பள்ளிக்குச் சென்ற ஆண்டு அது. ஒருவர்க்கு நூல்களே உலகத்தைத் திறந்துவிட்டன. மற்றொருவர்க்கு நூலே மூடிய கதவாயிற்று. 1962 முதல் ராதாகிருஷ்ணனின் பிறந்த நாளை ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறோம். அந்நாளில் பெர்சியின் ஆசிரியரையும் நினைத்துக்கொள்வது தகும். பிள்ளையால் இயலாததை மட்டும் பாராமல், இயல்வதையும் பார்த்தவர் அவர்.

என்னால் அப்படிப் பார்க்க முடியவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். செபங்கள் யாவும் அவனுக்கு மனப்பாடம். ஒரு சொல் பிசகாது. ஒரு ஞாயிறன்று வாசகம் படிக்க அவனை அழைத்தேன். அவன் வரமாட்டேன் என்றான். அகந்தை என்று எண்ணி, எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அதன்பின் அவன் வகுப்பில் பிறரைச் சீண்டத் தொடங்கினான். சில வாரங்களில் வருவதையே நிறுத்திவிட்டான். அவனால் வாசிக்க இயலாது என்பதை வெகுநாள் கழித்து அவன் தாயார் சொல்லித்தான் அறிந்தேன். கேட்டே அத்தனையையும் கற்றிருக்கிறான்! அந்தப் பெருமுயற்சியை நான் பாராட்டவில்லை; அவன் மறைத்துவைத்த காயத்தைத்தான் கீறிவிட்டேன்.

இங்கே ஒன்றை நாம் புரிந்துகொள்ள வேண்டும். வாசிக்க இயலாத பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் ஒரு தேர்வு முன்நிற்கிறது: மக்கு எனப்படுவதா, முரடன் எனப்படுவதா? இரண்டாவதில் சிறிதளவேனும் மானம் இருப்பதாக அப்பிள்ளைக்குத் தோன்றுகிறது. எனவேதான் வாசிப்பு வகுப்பில் சண்டை வருகிறது; எழுத்துத் தேர்வன்று வயிறு வலிக்கிறது; புத்தகம் காணாமற் போகிறது. சில பிள்ளைகள் சத்தமே இன்றித் தமக்குள் ஒடுங்கிப்போகின்றனர். நாம் தண்டிப்பது பெரும்பாலும் நோயை அன்று, நோயின் முனகலைத்தான்.

மருத்துவம் இதனைச் சிறிது சிறிதாகவே கண்டது. கிளாஸ்கோ நகரக் கண் மருத்துவர் ஜேம்ஸ் ஹின்ஷெல்வுட் 1917-இல் இதுபற்றித் தனி நூல் வெளியிட்டார். அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் 1925-இல், இது கண்ணின் குறையன்று, மொழியை மூளை கையாளும் விதத்தைச் சார்ந்தது என்ற திசையில் ஆய்வைத் திருப்பினார். அவருடைய விளக்கங்கள் சிலவற்றைப் பிற்கால ஆய்வு ஏற்கவில்லை. திசை சரியாகவே இருந்தது. அவரோடு பணியாற்றிய அன்னா கில்லிங்ஹாம் என்ற ஆசிரியை 1930-களில் ஒரு பயிற்றுமுறையை வகுத்தார். எழுத்தைப் பார், அதன் ஒலியைக் கேள், உரக்கச் சொல், விரலால் வரை. ஒன்று நிலைபெற்ற பின்னரே அடுத்தது. இன்றைய சிறப்புக் கல்வி வகுப்புகளில் மணல் பரப்பிய தட்டுகளைக் காணும்போது, நம் திண்ணை நெடும்பயணம் சென்று வீடு திரும்பியதுபோல் தோன்றும். இம்முறை பிரம்பைக் கொண்டுவரவில்லை என்பதே இதன் பெருமை.

தமிழகத்தில் இத்துறையை அரசு மட்டுமே வளர்க்கவில்லை. தொண்டுள்ளம் கொண்டோரும் பெற்றோரும் சேர்ந்து வளர்த்தனர். மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் 1953-இல் சென்னையில் 'பால விகார்' தோன்றி, அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு இல்லமாயிற்று. இன்று 'வித்யாசாகர்' என வழங்கும் நிறுவனம் 1985-இல் தொடங்கி, மூளை முடக்குவாதமுள்ள பிள்ளைகளுக்குத் துணைநின்றது. ஆனால் பார்வைக்கு எக்குறையும் இல்லாத, பேச்சில் சுட்டியான, வாசிப்பில் மட்டும் தடுக்கி விழும் பிள்ளையின் இடர் எவர் கண்ணிலும் எளிதில் படவில்லை. அவன் கைத்தாங்கலைக் கேட்கவில்லை. எனவே எவரும் கை நீட்டவுமில்லை.

அந்த இடைவெளியில் 1992-இல் எழுந்ததுதான் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன். அதனை அமைத்தவர்களுள் முதன்மையானோர் பெற்றோரே. தம் பிள்ளை அறிவிலி அல்லன் என்பதை உள்ளூர அறிந்திருந்தும், பள்ளிதோறும் தலைகுனிந்து நின்றவர்கள் ஒன்றுகூடினர். இலாப நோக்கின்றி அமைந்த அச்சங்கம் பிள்ளைகளின் இடரைக் கண்டறிந்து, தக்க பயிற்சி அளித்து, ஆசிரியர்களையும் பயிற்றுவித்தது. அது நடத்தும் 'அனன்யா' மையத்தில் பிள்ளைகள் சில காலம் தனிப்பயிற்சி பெற்று, மீண்டும் பொதுப்பள்ளிக்கே திரும்புகின்றனர். பள்ளிகளுக்குள்ளேயே தனிப்பயிற்சி அறைகள் அமையவும் அது துணை செய்தது. பிள்ளையைப் பிரித்து வைப்பது அதன் நோக்கமன்று. தன் வகுப்பிலேயே தலைநிமிர்ந்து அமரச் செய்வதே நோக்கம்.

சட்டம் பின்னாலேயே வந்தது. 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இடம்பெற்றன. கற்றல் குறைபாடு அவற்றுள் இல்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல் தண்டனையையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்தது. 2016-ஆம் ஆண்டின் சட்டம் குறைபாடுகளை 21 வகைகளாக விரித்து, கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவரின் உதவி, ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகிய சலுகைகள் நம் மாநிலத்தில் உள்ளன. பெர்சியிலிருந்து இச்சட்டம் வரை 120 ஆண்டுகள்!

ஆயினும் சென்னையிலிருந்து அம்மையார்குப்பம் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். இச்சலுகைகளின் கணக்கில் அது இன்னும் தொலைவு. சலுகை பெறச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் பெற மதிப்பீடு வேண்டும். மதிப்பீட்டுக்குப் பயணம் வேண்டும். பயணத்திற்கு ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். இவை யாவற்றிற்கும் முன்பாக, இப்படி ஓர் இடர் உண்டு என்பதை எவரேனும் அத்தாய்க்குச் சொல்லியிருக்க வேண்டும்.

மொழியும் ஒரு காரணம். வாசிப்பு இடரைப் பற்றிய ஆய்விலும் பயிற்சி நூலிலும் பெரும்பகுதி ஆங்கிலத்தைச் சார்ந்தது. தமிழெழுத்தின் இடர்கள் வேறு. 'கொ' என்று எழுதும்போது கண் முதலில் காண்பது ஒற்றைக் கொம்பை. வாய் முதலில் ஒலிப்பதோ ககரத்தை. கடல், பகல், சங்கு என மூன்றிலும் எழுத்து ஒன்றே, ஒலி வேறு. லகர, ளகர, ழகரங்களும் மூவகை நகரங்களும் எத்தனை பெரியவர்களைத் தடுமாறச் செய்கின்றன! மேலும், இது 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தோடு இருந்து, அதன்பின் நம் மாநிலத்தில் இணைந்த நிலம். வீட்டில் தெலுங்கு பேசி, பள்ளியில் தமிழ் வாசிக்கும் பிள்ளைகள் இங்கு உண்டு. அவர்களுள் ஒரு பிள்ளை தடுமாறினால், அது மொழிப் பழக்கம் இன்மையாலா, கற்றல் குறைபாட்டாலா என்று பிரித்தறியப் பொறுமையான கண் வேண்டும். இரண்டிற்கும் மருந்து வேறு. பிரம்பு இரண்டிற்குமே மருந்தன்று.

நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. 2022 ஜூனில் இதே திருவள்ளூர் மாவட்டத்துப் பள்ளியொன்றில் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கிவைத்தது. அதில் பிள்ளைகளை வயதால் மட்டும் அளக்காமல், அவரவர் கற்றல் நிலையை ஒட்டி அரும்பு, மொட்டு, மலர் என்று வகுத்தனர். கற்றல் குறைபாட்டுக்கென்றே அமைந்த திட்டமன்று அது. ஆயினும் 'மக்கு' என்ற சொல் இருந்த இடத்தில் 'அரும்பு' என்ற சொல் வந்து அமர்ந்தது சிறு செய்தியா? அரும்பை எவரும் அடிப்பதில்லை, காத்திருக்கிறோம்.

1992-இல் சென்னையில் அப்பெற்றோர் செய்தது என்ன? தம் பிள்ளையின் இடரை மறைக்காமல் ஒருவரோடொருவர் பகிர்ந்துகொண்டனர். அத்தகைய பகிர்வுக்கு நம் ஊர்களில் ஓர் அறையும் சில நாற்காலிகளும் போதும். ஆசிரியரோ, மறைக்கல்வி கற்பிப்பவரோ, வாசிக்க மறுக்கும் பிள்ளையை அனைவர் முன்னும் எழுப்பாமல், தனியே அருகமர்த்தி, 'உனக்கு எழுத்துகள் எப்படித் தெரிகின்றன?' என்று கேட்டால், அதுவே முதல் சிகிச்சை. நான் கேட்கத் தவறிய கேள்வி அது.

அம்மையார்குப்பத்து நெசவாளரைப் பாருங்கள். பாவில் இழை அறுந்தால் அவர் தறியை அடிப்பதில்லை, துணியைக் கிழித்தெறிவதுமில்லை. ஓட்டத்தை நிறுத்துகிறார். குனிந்து, நூற்றுக்கணக்கான இழைகளிடையே அறுந்த ஒன்றை விரலால் தேடுகிறார், கண்டுபிடித்து முடிச்சிடுகிறார். பிறகு தறி மீண்டும் ஓடுகிறது. அந்த ஒரு நிமிடத்தை வீண் என்று எந்த நெசவாளரும் எண்ணுவதில்லை.