தோட்டத்து விறகும் எழுதப்படாத கணக்கும்



அண்மையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது 'விறகு' என்னும் சொல் வந்தது. ஒரு மாணவன் எழுந்து, "விறகை எந்தக் கடையில் வாங்குவார்கள், ஐயா?" என்று வினவினான். பெம்பான் வட்டாரத்தில் மூன்று தலைமுறையாகப் பால்மரத்தை நம்பி வாழ்ந்த குடும்பத்துப் பிள்ளை அவன். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கேள்விக்குரிய விடையை எந்தப் பாடநூலிலும் நான் கண்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

குளிர்நாடுகளில் விறகு இன்றும் விலைகொடுத்து வாங்கும் பண்டமே. வீட்டைச் சூடாக்குவதற்கு அது வேண்டும். இங்கிலாந்தில் 2021 மே மாதம் முதல், 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கப்படும் விறகின் ஈரப்பதம் 20 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்று சட்டமே உள்ளது. காரணம் எளிது. அப்போதே வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி நீராகவே இருக்கக்கூடும். அந்நீரை ஆவியாக்குவதிலேயே வெப்பத்தின் ஒரு பகுதி வீணாகிறது. தீ தணிந்து, கட்டை அரைகுறையாக எரிகிறது. எரியாத பகுதி புகையாகிறது.

இவ்வுண்மையை நம் தோட்டத்துத் தாய்மார்கள் கருவியின்றியே அறிந்திருந்தனர். இரு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுவர். 'டங்' என்று கணீரென ஒலித்தால் காய்ந்த விறகு. 'தொப்' என்று அமுங்கினால் பச்சை. வெட்டுமுனையில் வெடிப்பு விழுந்திருக்கிறதா, பட்டை கழன்று வருகிறதா, கையில் கனம் குறைந்திருக்கிறதா என்றும் பார்ப்பர்.

இவ்விறகு வந்த வழியைச் சற்றே நோக்குவோம். 1877ஆம் ஆண்டில் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டன. 1896இல் டான் சே யான் என்பவர் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பரைப் பயிரிட்டார். அடுத்துப் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் உருவாயிற்று. தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர் ஜாசின் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் குடியேறினர். பால்மரம் 25 முதல் 30 ஆண்டுகள் வரை பால் தந்த பின் வெட்டப்பட்டு, அவ்விடத்தில் மறுநடவு நடைபெறும். அவ்வாறு வீழ்ந்த மரங்களும் காற்றில் முறிந்த கிளைகளுமே லயத்து அடுப்புகளுக்கு விறகாயின.

தோட்டத்தில் இருவகைத் தீ எரிந்தது என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். ஒன்று, ரப்பர்த் தாள்களைப் புகையூட்டி உலர்த்தும் கொட்டகைத் தீ. ஏறத்தாழ 40 முதல் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தாள்கள் பல நாள்கள் தொங்கும். தாளில் பூஞ்சை பிடிக்காமல் காப்பது புகையே. ஆதலால் அங்கே முற்றும் காயாத கட்டையும் பயன்பட்டது. அத்தீயைக் காக்கச் சம்பளத்துக்கு ஆள் உண்டு. மற்றொன்று, வீட்டடுப்புத் தீ. அதற்குப் புகையில்லாத, நன்கு காய்ந்த விறகு வேண்டும். அவ்விறகைச் சுமந்து, பிளந்து, அடுக்கி உலர்த்தியவர்களுக்குச் சம்பளம் இல்லை. தோட்டத்துக் கணக்கேட்டில் ஒரு வரியும் இல்லை.

அது எளிய வேலையும் அன்று. பால்மரக் கட்டையில் மாவுச்சத்து மிகுதி. ஈரத்தில் கிடந்தால் விரைவிலேயே பூஞ்சை படிந்து கறுக்கும். வண்டு துளைத்து மாவாக்கிவிடும். எனவே உடனே பிளந்து, நிலத்தில் படாதவாறு கற்களின்மேல் இடைவெளிவிட்டு அடுக்கி, தாழ்வாரத்தின்கீழ்க் காக்க வேண்டும். மலாக்காவில் மழை குறைந்த மாதங்கள் சனவரியும் பிப்ரவரியும். பால்மரம் இலையுதிர்க்கத் தொடங்குவதும் அப்பருவத்தை ஒட்டியே. பால் குறையும்; வருமானமும் குறையும். கையில் காசு சுருங்கும் அந்நாள்களில்தான் ஆண்டுக்கான விறகைச் சேர்க்க வேண்டியிருந்தது.

விடியுமுன் பால்வெட்டப் புறப்பட்ட தாய், காண்டா வாளியை இறக்கிய கையோடு விறகுக் கட்டைத் தலையில் ஏற்றுவார். பள்ளி விட்டு வந்த பிள்ளைகளும் உடன் செல்வர். விறகு தீர்ந்த மழைநாளில் பச்சைக் கட்டைதான் கதி. கண் எரியும், நெஞ்சு அடைக்கும். வீட்டினுள் சூழும் சமையல் புகையால் 2020இல் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. நம் பாட்டிமாரின் இருமலை முதுமையின் இயல்பென்று எண்ணி நாம் கடந்து வந்துவிட்டோமோ என்னும் ஐயம் எனக்கு உண்டு.

பின்னர் மண்ணெண்ணெய் அடுப்பும் எரிவாயுவும் வந்தன. பால்மரம் நின்ற நிலங்களில் செம்பனை ஏறியது. அதன் மட்டையும் தண்டும் பால்மரத்துக்கு ஈடான விறகு ஆகா. 1980ஆம் ஆண்டுகளில் பால்மரப் பலகை அறைகலன் தொழிலுக்கு உகந்ததாகிப் பெயர்பெற்றது. நமக்கு அண்டையிலுள்ள மூவார் நகரம் அத்தொழிலால் சிறந்தது. ஒருகாலத்தில் அடுப்புக்குச் சும்மா கிடைத்த மரம், விலைபேசி ஏற்றிச் செல்லும் சரக்காயிற்று.

அம்மாணவனுக்கு நான் இவ்வாறு விடை கூறினேன்: "உன் பாட்டி விறகைக் கடையில் வாங்கவில்லை. தம் ஓய்வு நேரத்தையும் உடல் நலத்தையும் அதற்கு விலையாகக் கொடுத்தார்." மறுநாள் அவன் தன் பாட்டியிடம் கேட்டு வந்து, விறகை எவ்வாறு அடுக்குவது என்று கரும்பலகையில் வரைந்து காட்டினான்.

பெற்றோர்களே, இவ்வாரம் உங்கள் இல்லத்து முதியோரிடம் பிள்ளைகளை அனுப்பி மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். விறகு எங்கிருந்து வந்தது? யார் சுமந்தார்? எத்தனை நாள் காய வைத்தனர்? விடைகளைப் பயிற்சிப் புத்தகத்தில் எழுதி வைக்கட்டும். விடை சொல்லக்கூடியோர் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றனர்.