87 ஓட்டை போட்ட ரன்வே

இன்றைய எபிசோட் ஒரு திருத்தத்தில் ஆரம்பிக்குது.

அலுமினியம் பற்றிப் பேசின எபிசோடில், கட்டடங்களோட முகப்பில் மாட்டியிருக்கும் ஓட்டை போட்ட அலுமினிய ஷீட் பற்றிச் சொன்னேன், ஞாபகம் இருக்கா? ஓ.எம்.ஆர் பக்கம் போனால் எத்தனையோ ஆபீஸ் அதைப் போர்த்திக்கொண்டு நிற்கும். வெயிலைத் தடுக்கும், காற்றை விடும், பார்க்கவும் ஸ்டைலாக இருக்கும். அப்போ பேச்சுவாக்கில், "இரண்டாம் உலகப் போர்ல இதே மாதிரி அலுமினிய ஷீட்டை விரிச்சுத்தான் ரன்வே போட்டாங்க, மணிப்பூர்ல நானே பார்த்திருக்கேன்" என்று அடித்துவிட்டேன்.

சேலத்திலிருந்து ஒரு தம்பி மெயில் போட்டிருந்தார். "அண்ணா, நீங்க பார்த்தது ஸ்டீலா இருக்கும். காந்தம் வெச்சுப் பார்த்தீங்களா?"

பார்த்திருந்தேன். அதுதான் கொடுமை. ஆபீஸ் பேட்ஜுக்குப் பின்னாடி ஒரு குட்டிக் காந்தம் இருக்கும் இல்லையா, அதை வைத்துப் பார்த்தேன். டக்கென்று ஒட்டியது. போட்டோகூட போனில் இருக்கு. அப்புறமும் சில வருடத்தில் அது என் மண்டைக்குள் அலுமினியமாக மாறிவிட்டது. ஏன் மாறியது என்று யோசித்தேன். எடை குறைவு, துருப்பிடிக்காது, தூக்கிக்கொண்டு போய் விரிக்கலாம். அந்த வேலைக்கு அலுமினியம்தான் சரி என்று இன்ஜினியர் மூளை தானாகவே முடிவு பண்ணிடுச்சு. அப்படியென்றால் அந்தக் காலத்து இன்ஜினியர்கள் ஏன் ஸ்டீலுக்குப் போனார்கள்? இந்த எபிசோட் அதைப் பற்றித்தான்.

கதை அமெரிக்காவின் வட கரோலினாவில், மார்ஸ்டன் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் ஆரம்பிக்குது. வருடம் 1941. அமெரிக்கா இன்னும் போரில் இறங்கவில்லை, ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. விமானங்கள் வருடத்துக்கு வருடம் கனமாகிக்கொண்டே போகின்றன. புல்வெளியில் இறங்கினால் சக்கரம் புதையும். கான்கிரீட் போட மாசக்கணக்காகும், போர் அதுவரைக்கும் காத்திருக்காது. அதனால் தகடுகளை ஒன்றோடொன்று கோத்து, பாய் விரிப்பது போலத் தரையில் விரித்து, அதன்மேல் விமானத்தை இறக்கிப் பார்த்தார்கள். வேலை செய்தது. ஊர்ப் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டு 'மார்ஸ்டன் மேட்' ஆனது. அந்த டிசம்பர் 7ஆம் தேதி பேர்ல் ஹார்பர் மேல் குண்டு விழுந்தது.

ஒரு தகடு 10 அடி நீளம், 15 அங்குல அகலம். அகலத்தில் 3, நீளத்தில் 29 என்று மொத்தம் 87 ஓட்டை. எடை சுமார் 30 கிலோ. ஒரு நீளப் பக்கத்தில் கொக்கிகள், எதிர்ப்பக்கத்தில் அவை நுழைய வெட்டுகள். பக்கத்தில் வைத்து, நுழைத்து, தள்ளினால் பூட்டிக்கொள்ளும். வெல்டிங் கிடையாது, நட்டு போல்ட் கிடையாது.

ஓட்டை எதற்கு? எடை குறையும் என்பது முதல் பதில். ஆனால் ஓட்டை போட்டால் தகடு பலவீனமாகும் இல்லையா? இங்கேதான் விஷயம் இருக்கு. பணியாரச் சட்டியை நினைச்சுக்கோங்க. குழிகளின் அடியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அதுதான் இந்தத் தகடு. ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பையும் கீழ்ப்பக்கமாக அழுத்தி மடித்திருப்பார்கள். நீளவாக்கில் வரப்பு மாதிரி மடிப்புகளும் உண்டு. தட்டையான காகிதம் தொய்ந்து விழும், அதையே மடித்துப் பிடித்தால் நிற்கும் இல்லையா, அதே கணக்குதான். மழைத்தண்ணீர் ஓட்டை வழியாக இறங்கிவிடும். சக்கரத்துக்கும் பிடிமானம் கிடைக்கும். புல் முளைத்து மேலே வந்தால் வானத்திலிருந்து பார்ப்பவனுக்கு ரன்வே சட்டென்று தெரியாது.

பிரிட்டிஷ்காரர்களிடமும் இதே வேலைக்கு ஒன்று இருந்தது. ஜெர்மனியிலிருந்து வந்து இங்கிலாந்தில் குடியேறிய சோமர்ஃபெல்ட் என்ற இன்ஜினியர் உருவாக்கிய கம்பி வலை. சுருட்டி எடுத்துப் போகலாம், லேசு. ஆனால் கனமான விமானம் என்றால் வலையைவிடத் தகடுதான் நின்றது.

இந்தத் தகடு நிஜமாகவே உயிர் காத்த இடம், பசிபிக் கடலில் சாலமன் தீவுகளின் குவாடல்கனால். ஜப்பானியர்கள் அங்கே ஒரு விமான தளம் கட்டிக்கொண்டிருந்தார்கள். 1942 ஆகஸ்டில் அமெரிக்கர்கள் இறங்கி அதைப் பிடித்து, ஹெண்டர்சன் ஃபீல்ட் என்று பெயர் வைத்தார்கள். அப்புறம் மாசக்கணக்கில் ஜப்பான் அதன்மேல் குண்டு போட்டுக்கொண்டே இருந்தது. ரன்வேயில் பள்ளம் விழுந்தால் வானத்தில் இருக்கும் சொந்த விமானம் இறங்க இடம் இருக்காது, பெட்ரோலும் தீர்ந்துகொண்டிருக்கும். செப்டம்பரில் 'சீபீஸ்' வந்து சேர்ந்தார்கள். கடற்படையின் கட்டுமானப் படைக்கு அதுதான் செல்லப்பெயர். அவர்கள் செய்ததைப் படித்தபோது, நைட் டியூட்டியில் சர்வர் விழுந்த அனுபவம் உள்ள எனக்குப் புல்லரித்தது. 500 பவுண்டு குண்டு ஒன்று விழுந்தால் எவ்வளவு பெரிய பள்ளம் வரும், அதை நிரப்ப எவ்வளவு மண் வேண்டும், எத்தனை தகடு மாற்ற வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்தார்கள். மண் ஏற்றிய லாரிகள் ரெடியாக நிற்கும். ஒரு பள்ளத்துக்கான தகடுகள் ஒரே கட்டாகக் கட்டி ரன்வே ஓரத்தில் இருக்கும். குண்டு விழுந்ததும் நூறு பேர் ஓடுவார்கள். நசுங்கின தகட்டைப் பிடுங்கி, மண்ணைக் கொட்டி இறுக்கி, புதுத் தகட்டைக் கோத்துவிடுவார்கள். 40 நிமிடம்! கான்கிரீட்டில் இது நடக்குமா?

சரி, அலுமினியம். ஒரு சின்னக் கணக்கு, இது என்னோடது. 5,000 அடி நீளம், 150 அடி அகலத்தில் ஒரு ரன்வே என்று வைத்துக்கொள்வோம். ஒரு தகடு 12.5 சதுர அடியை மூடும். ஆக 60,000 தகடு. ஆளுக்கு 30 கிலோ என்றால் 1,800 டன். கப்பலில் வந்தால் பரவாயில்லை. மலைகளுக்கு நடுவே, விமானத்தில் மட்டுமே போகக்கூடிய இடமாக இருந்தால்? அன்றைக்கு எல்லா இடத்திலும் ஓடிய டகோட்டா விமானம் ஒரு தடவைக்கு சுமார் 2.7 டன் தூக்கும். 660 தடவைக்கு மேல் பறக்கணும். இதையே அலுமினியத்தில் செய்தால் எடை ஏறக்குறைய பாதி. முன்னூறு சொச்சம் தடவையில் முடிந்துவிடும்.

அந்த இன்ஜினியர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அலுமினியத் தகடும் செய்தார்கள், அதே அளவு, அதே ஓட்டை. ஆனால் ஸ்டீல் அளவுக்கு அது பரவவே இல்லை. காரணம் சிம்பிள். விமானங்களே அலுமினியத்தில்தான் செய்யப்பட்டன. பறக்கிறதுக்கே பத்தாத உலோகத்தை இறங்குறதுக்கு எப்படி ஒதுக்குவது? எது நல்ல உலோகம் என்று அவர்கள் பார்க்கவில்லை, எது மிச்சம் இருக்கு என்று பார்த்தார்கள். நான் விட்ட கோட்டை அதுதான்.

பர்மா களத்தில் ஸ்டீலுக்கும் தட்டுப்பாடு. அங்கே வங்காளத்துச் சணல் கைகொடுத்தது. சாக்குத் துணியைத் தாரில் ஊறவைத்து, இறுக்கிய மண்மேல் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி விரித்துவிடுவார்கள். 'பிட்ஹெஸ்' என்று பெயர். தண்ணீர் மண்ணுக்குள் இறங்காது. பலம் முழுக்க மண்ணோடது, சாக்கு அதற்குக் குடை மட்டும்தான்.

இப்போ மணிப்பூருக்கு வர்றேன். 2019 டிசம்பர். என் டீமில் இருக்கும் ஒரு பெண்ணோட அக்காவுக்கு மோரேவில் கல்யாணம். மோரே பர்மா எல்லையில் இருக்கிற ஊர். 1960களில் பர்மாவிலிருந்து வெளியேற வேண்டிவந்த தமிழர்கள் அங்கே தங்கி, கோயில் கட்டி, சங்கம் வைத்து வாழ்கிற ஊர். (2023 கலவரத்துக்கு அப்புறம் அந்தச் சாலையில் அப்படிச் சாதாரணமாகப் போய்வர முடியாத நிலை. அந்தப் பெண்ணோட குடும்பத்தை நினைக்காமல் இதைச் சொல்ல முடியலை.) இம்பாலிலிருந்து மோரேவுக்கு நூறு கிலோமீட்டர் சொச்சம். வழியில் பாலேல். டீ குடிக்க வண்டியை நிறுத்தினோம். கடைக்குப் பின்னாடி தோட்டத்து வேலி முழுக்க வரிசையாக வட்ட வட்ட ஓட்டை போட்ட தகடு. அவரைக்கொடி ஒவ்வொரு ஓட்டையாக நுழைந்து ஏறியிருந்தது. காந்தம் ஒட்டியது அங்கேதான். கடைக்கார அக்காவிடம் சைகையில் கேட்டேன். "ஜப்பான் லான்" என்றார். ஜப்பான் போர். மணிப்பூரில் இரண்டாம் உலகப் போருக்கு அதுதான் பெயர்.

1944 மார்ச் கடைசியில் ஜப்பான் ராணுவம் இம்பாலுக்கு வடக்கே கோஹிமா சாலையை அறுத்தது. சாலை மறுபடி திறந்தது ஜூன் 22இல். நடுவில் ஒன்றரை லட்சம் வீரர்கள் அளவுக்கு அந்தச் சமவெளிக்குள் மாட்டிக்கொண்டார்கள். அரிசி, குண்டு, பெட்ரோல் எல்லாமே வானத்திலிருந்துதான் வரணும். சமவெளியில் 6 விமான தளங்கள். மழையைத் தாங்கக்கூடியவை அதில் இரண்டே இரண்டு. அதில் ஒன்று பாலேல். ஆக அந்த டீக்கடைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு துண்டு நிலம் நனையாமல் இருப்பது ஒன்றரை லட்சம் பேரின் சோற்றுப் பிரச்சினை. அதனாலேயே அதை அடிக்கவும் வந்தார்கள். மே மாத ஆரம்பத்தில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் அதன்மேல் பாய்ந்தது, பிடிக்க முடியவில்லை. ஜூலையில் ஒரு ராத்திரி ஜப்பானியர்கள் உள்ளே புகுந்து விமானங்களைத் தகர்த்தார்கள். அந்தப் பர்மா போரில் இரண்டு பக்கமும் நம்ம ஆட்கள் இருந்தார்கள். மலேயாத் தோட்டங்களிலிருந்து நேதாஜி படையில் சேர்ந்த தமிழர்கள் ஒரு பக்கம், மெட்ராஸ் சாப்பர்ஸ் மறுபக்கம். பள்ளிக்கூடத்தில் இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

போர் முடிந்ததும் அவ்வளவு தகட்டையும் யார் திருப்பிக் கொண்டுபோவது? விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சாலமன் தீவுகளிலும் இன்றைக்கு அது வேலியாக நிற்கிறது.

ஜெட் வந்ததும் ஓட்டைக்கு ஆயுசு முடிந்தது. ஜெட்டின் சூடான காற்று ஓட்டை வழியாகக் கீழே இருக்கும் மண்ணைக் கிளப்பும். கனமான சக்கரம் அழுத்தினால் ஈர மண் இடியாப்பம் மாதிரி மேலே பிதுங்கும். கிளம்பின கல்லோ துண்டோ இன்ஜினுக்குள் போனால் கதை முடிந்தது. அதனால் ஓட்டை இல்லாத, வரப்பு மடிப்பு மட்டும் உள்ள ஸ்டீல் தகடு வந்தது. அப்புறம் அலுமினியத்துக்கும் நேரம் வந்தது. 1965இல் வியட்நாமின் சூலாய் கடற்கரை மணலில் சுமார் 4,000 அடிக்கு அலுமினியப் பலகை விரித்து, ஜூன் 1ஆம் தேதி ஜெட்டை இறக்கினார்கள். சேலம் தம்பிக்கு ஒரு தகவல்: அலுமினிய ரன்வே என்று நான் சொன்னது முழுப் பொய் இல்லை. இருபது வருடம் முந்திச் சொல்லிட்டேன், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பலகையில் ஒரு ஓட்டைகூடக் கிடையாது.

அந்த ஓட்டை இல்லாத ஸ்டீல் தகடு வியட்நாம் போருக்கு அப்புறம் கிடங்குகளில் குவிந்து கிடந்தது. 1990களின் ஆரம்பத்தில் அமெரிக்கா அதை எடுத்து, சான் டியேகோ பக்கம் மெக்சிகோ எல்லையில் வேலியாக நட்டது. கிட்டத்தட்ட 10 அடி உயரம். தகடுகளைப் படுக்கைவாட்டில் அடுக்கியதால் வரப்பு மடிப்புகளும் படுக்கைவாட்டில் வந்தன. ஏறுகிறவர்களுக்கு அது ஏணிப்படி ஆகிவிட்டது. ஓட்டை இல்லாததால் அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று காவலர்களுக்கே தெரியாது. 2018இல் அதைப் பிடுங்கிவிட்டு உயரமான கம்பித் தூண்களை நட ஆரம்பித்தார்கள். தூணுக்குத் தூண் இடைவெளி விட்டிருக்கிறார்கள், அந்தப் பக்கம் தெரியணும் என்பதற்காக.

பாலேல் வேலியோட போட்டோவை இந்த எபிசோட் பக்கத்தில் போடுறேன். காந்தமும் அதில் தெரியும்.