அறுவை மருத்துவர் சங்கங்களின் தலைமைப் படிகள்

ஒரே தொழிலைச் செய்வோர் ஒன்றுகூடி, அத்தொழிலின் தரத்தையும் பயிற்சியையும் ஒழுக்க நெறியையும் தாமே வகுத்துக்கொள்ளும் அமைப்பு தொழில்முறைச் சங்கம் எனப்படும். அறுவை மருத்துவர்களிடையே அத்தகைய அமைப்பின் தலைமைக்கு யார், எந்தப் படிகளில் ஏறி வர முடியும் என்ற வினாவுக்குக் குலம், அரசுப் பதவி, சக தொழிலாளரின் வாக்கு என்னும் மூன்று விடைகளை வரலாறு அடுத்தடுத்துத் தந்துள்ளது. வடகரை, தென்காசி, குற்றாலம் போன்ற மலையடிவார ஊர்களிலிருந்து நோக்கும்போது இம்மூன்றும் விட்டுச்சென்ற ஓர் இடைவெளியும் புலப்படுகிறது.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கட்டியைக் கீறுதல், புண்ணுக்குக் கட்டிடுதல் போன்ற வேலைகளை முடிதிருத்தும் குடியினரே செய்துவந்தனர். அக்குடிக்கு மருத்துவர் என்னும் பெயர் வழங்குவதே அதற்குச் சான்று. தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்ற அக்கைத்திறனுக்கு ஊர் மதிப்பு இருந்ததேயன்றி, ஏறிச்செல்லும் படிவரிசை எதுவும் இருக்கவில்லை. இலண்டனிலும் நாவிதரும் அறுவையாளரும் 1540இல் ஒரே குழுமமாக இணைக்கப்பட்டனர். ஆனால் அங்கே பயிற்சி மாணவனாகச் சேர்ந்தவன் உரிமை பெற்ற உறுப்பினனாகி, நிர்வாகக் குழுவில் இடம்பெற்று, கண்காணிப்பாளராகி, இறுதியில் குழும முதல்வராகும் ஏணி ஒன்று அமைந்திருந்தது. 1745இல் அறுவையாளர் நாவிதரிடமிருந்து பிரிந்தனர். 1800இல் அரச சாசனம் பெற்ற கல்லூரி தோன்றியது. 1822இல் அதன் முதல்வர் பதவி தலைவர் என்னும் பெயரைப் பெற்றது. அக்கல்லூரியை ஆண்ட குழுவினர் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டு வாழ்நாள் முழுவதும் பதவியில் நீடித்ததை, 1823இல் தாமஸ் வாக்லி தொடங்கிய 'லான்செட்' இதழ் கடுமையாகத் தாக்கியது. 1843இல் வந்த புதிய சாசனம், இன்று எஃப்.ஆர்.சி.எஸ். என அறியப்படும் ஆய்வுறுப்பினர் தகுதியை உருவாக்கி, குழுவைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அத்தகுதி பெற்றோருக்கு வழங்கியது.

சென்னை மாகாணத்திலோ ஏணியை அரசே நிறுத்தியது. மருத்துவத் துறையின் உச்சியில் சர்ஜன் ஜெனரல் இருந்தார். அவருக்குக் கீழே சிவில் சர்ஜன், அசிஸ்டென்ட் சர்ஜன், சப் அசிஸ்டென்ட் சர்ஜன் என்று படிகள் இறங்கின. இவற்றில் 'சர்ஜன்' என்பது அறுவை செய்பவரைக் குறித்த சொல்லாக இல்லாமல், அலுவலரின் தரத்தைக் குறித்த சொல்லாகவே வழங்கிற்று. உயர்பதவிகளுக்குரிய இந்திய மருத்துவப் பணியின் போட்டித் தேர்வு 1855இல் இந்தியருக்கும் திறக்கப்பட்டபோதிலும், அது இலண்டனில் நடத்தப்பட்டமையால், கடல் கடந்து செல்லும் வசதியற்றோருக்கு மேற்படிகள் எட்டவில்லை. கைத்திறனை அளந்து சொல்லவல்ல சக மருத்துவரின் தீர்ப்புக்கு இவ்வமைப்பில் இடமே இல்லை. கும்பகோணத்தை அடுத்த சருக்கையில் பிறந்த டாக்டர் எஸ். ரங்காச்சாரி, அரசுப் பணியை விட்டுத் தனித்தொழிலில் இறங்கிய பின்னரும் மாகாணமெங்கும் பெயர் பெற்றிருந்தார். 1934இல் அவர் மறைந்த பின் சென்னைப் பொது மருத்துவமனையின் முன் அவருக்குச் சிலை எழுப்பியது மக்களின் நன்றியுணர்வு. ஆனால் அத்தகைய ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுக்க, அறுவை மருத்துவர்களுக்கென நாடு தழுவிய சங்கம் அன்று உருவாகியிருக்கவில்லை.

அக்குறையை 1938இல் தோன்றிய இந்திய அறுவை மருத்துவர் சங்கம் நீக்கியது. இன்றளவும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இச்சங்கம், ஆண்டு மாநாடு, ஆய்விதழ், மாநிலக் கிளைகள் ஆகியவற்றின் வழியே, அரசு ஆணையால் வரும் பதவிக்கு மாற்றாக உறுப்பினர் வாக்கால் வரும் தலைமையை நிலைநிறுத்தியது. அத்தலைமைக்கான பாதை எழுதப்பட்ட விதிகளைக் காட்டிலும் வழக்கத்தால் அமைந்தது எனலாம். இளம் மருத்துவர் மாநாட்டில் கட்டுரை படித்து அறிமுகமாவார். தம் ஊரில் மாநாடு நடக்கும்போது ஏற்பாட்டுச் செயலாளராக உழைப்பார். மாநிலக் கிளையில் பொறுப்பேற்று, தேசிய நிர்வாகக் குழுவில் பணியாற்றிய பின்பே தலைவர் தேர்தலில் நிற்பார்.

இப்படிகளில் செயலாளர் பதவிக்குத் தனி இடமுண்டு. தலைவர் குறுகிய காலத்தில் மாறிவிட, கடிதம் எழுதி, சந்தா திரட்டி, உறுப்பினரைப் பெயர் சொல்லி அறிந்து, சங்கத்தை உயிருடன் வைத்திருப்பவர் செயலாளரே. 1951இல் நிறுவப்பட்ட இந்திய நரம்பியல் சங்கம் இதற்கு நல்ல சான்று. 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கிய ஜேக்கப் சாண்டி அதன் முதல் தலைவரானார். சீர்காழியில் பிறந்து, 1950இல் சென்னைப் பொது மருத்துவமனையில் அதே துறையைத் தொடங்கிய பி. இராமமூர்த்தி, சங்கத்தின் தொடக்க ஆண்டுகளில் செயலாளர் பொறுப்பைச் சுமந்து, பின்னர் உலக அரங்கிலும் மதிக்கப்படும் தலைவராக உயர்ந்தார்.

சங்கத்தின் வாக்கு எல்லோருக்கும் சமமாயினும், ஏணியின் முதற்படி கற்பிக்கும் மருத்துவமனைகளிலேயே இருந்தது. பேராசிரியருக்கு உதவ மாணவர் உண்டு; கட்டுரைக்கு வேண்டிய நோயாளர் பதிவுகள் உண்டு; மாநாட்டுக்குச் செல்லும்போது வேலையைப் பார்த்துக்கொள்ள உடன் பணியாற்றுவோர் உண்டு. மதுரையில் 1954இலும் திருநெல்வேலியில் 1965இலும் மருத்துவக் கல்லூரிகள் வரும் வரை, தாமிரபரணிக் கரைக்கோ சிற்றாற்றுக் கரைக்கோ அருகில் அத்தகைய களம் இருக்கவில்லை. தென்காசி போன்ற ஊரின் மருத்துவமனையில் தனியொருவராக அறுவை செய்பவர், குடலிறக்கம், விபத்துக் காயம், பேறுகால அவசரம் என்று எது வந்தாலும் தாமே ஏற்கவேண்டிய நிலையில், சாரல் காலத்தில் குற்றாலத்திற்கு வரும் கூட்டத்தின் சுமையும் சேர்ந்துகொள்ள, மூன்று நாள் மாநாட்டுக்காக ஊரை விட்டுச் செல்வது அவருக்கு எளிதன்று. அவருடைய குறைவான கருவிகளும் நிறைவான துணிவும் கட்டுரையாக மாறாமலேயே போயின.

இவ்விடைவெளியை உணர்ந்தோர் 1990களின் தொடக்கத்தில் இந்திய ஊரக அறுவை மருத்துவர் சங்கத்தை உருவாக்கினர். குறைந்த செலவில், கிடைக்கும் கருவிகளைக் கொண்டு பாதுகாப்பாக அறுவை செய்யும் முறைகளே அங்கு விவாதப்பொருளாயின. சிற்றூரில் கழித்த ஆண்டுகளே அங்கு தலைமைக்குரிய தகுதியாக மதிக்கப்பட்டன. தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது; வடகரை மக்கள் நாடிச்செல்லும் அறுவைக்கூடம் இன்று அம்மாவட்டத்தின் தலைமை மருத்துவமனைக்குரியது. குலத்தையும் அரசுப் பதவியையும் கடந்து வாக்கு வரை வந்த ஏணி முழுமை பெற வேண்டுமானால், அக்கூடத்தில் நிற்பவருக்கு மாநாட்டுக்குச் செல்ல விடுப்பும், அவர் இடத்தில் நிற்க மற்றொருவரும், அவர் அனுபவத்தை எழுத்தில் பதிக்கும் துணையும் கிடைக்கவேண்டும். வாக்குரிமை என்பது அதற்குப் பிறகே அவருக்குப் பொருளுள்ளதாகும்.