பிழை நாணயங்களும் மாறுவகைகளும்: மலாயா, மலேசியா

நாணயச்சாலையில் அடிபடும்போதே தவறு நேர்ந்து, சோதிப்பவர் கண்ணுக்குத் தப்பி வெளியே வந்தது பிழை நாணயம். மாறுவகை அதிலிருந்து வேறு. ஒரே ஆண்டு, ஒரே மதிப்பு என்றாலும் அச்சிலோ உலோகத்திலோ ஆலைக்குறியிலோ வித்தியாசம் இருந்தால் அது மாறுவகை. அதில் தவறே இருக்க வேண்டியதில்லை. சந்தைப் பேச்சில் இரண்டும் 'எரர் காயின்' ஆகிவிடுவதால் இந்த வேறுபாட்டை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

உலோகத் தகட்டிலிருந்து வில்லை வெட்டி, வளையத்துக்குள் வைத்து, மேலும் கீழும் இரண்டு அச்சுகளால் அழுத்துவதே நாணயம் அடிக்கும் முறை. வெட்டு விலகினால் ஓரம் பிறை போலக் குறையும். வில்லை நகர்ந்தால் உருவம் ஒரு பக்கமாக ஒதுங்கும். முன்பு அடித்த காசு அச்சோடு ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையில் அதே முகம் குழிவாக, இடவலம் மாறி விழும். அச்சில் கீறல் விழுந்திருந்தால் காசில் அது மேடான கோடாகத் தெரியும்.

மலாய்த் தீபகற்பத்தில் இயந்திரம் வருவதற்கு முன்பே காசுக்குக் காசு வேறுபாடு இருந்தது. கிளந்தானிலும் திரெங்கானுவிலும் ஈயத்தை உருக்கி அச்சில் வார்ப்பார்கள். நடுத்தண்டும் இருபுறமும் இலைகளைப் போன்ற காசுகளுமாக ஒரு மரமே வெளிவரும். அதிலிருந்து பித்திஸ் காசுகளை ஒடித்து எடுப்பார்கள். காம்பின் மிச்சம் விளிம்பில் நிற்கும். வார்க்கும் முறையின் இயல்பான தடம் அது. அதைப் பிழை என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஹிஜ்ரி 1247 (கி.பி. 1831) என்ற ஆண்டைத் தாங்கிய 'தானா மெலாயு' சேவல் செப்புக்காசுகள் சிங்கப்பூர் வணிகர்களுக்காக இங்கிலாந்தில் அடிக்கப்பட்டவை. அதே ஆண்டு எழுத்துடன் பல அச்சுகள் பயன்பட்டதால், சேவலின் உருவத்தையும் ஜாவி எழுத்தையும் ஒப்பிட்டு வகை பிரிப்பதே தனிச் சேகரிப்பாக வளர்ந்தது.

பிரிட்டிஷ் ஆட்சிக்காலக் காசுகளில் ஆலைக்குறிகளைக் கவனிக்க வேண்டும். 'எச்' பர்மிங்ஹாமின் ஹீட்டன் ஆலையைக் குறிக்கும், 'கே.என்.' கிங்ஸ் நார்ட்டனைக் குறிக்கும். 1941, 1945 ஆண்டுகளைத் தாங்கிய சில மலாயா காசுகளில் ஆங்கில 'ஐ' எழுத்து இருந்தால் அவை இந்தியாவில் அடித்தவை.

இந்த வரலாற்றில் மிகுந்த ஆர்வம் தருவது 50 காசின் விளிம்பு. 1954 முதல் 1961 வரையிலான மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ 50 காசில் விளிம்புப் பற்களின் நடுவே ஒரு பாதுகாப்பு வரி ஓடும். போலி செய்பவரைத் தடுக்க வந்தது அது. அந்த வரி விழாமல் தப்பியவை 1954, 1958, 1961 முதலிய ஆண்டுகளில் உண்டு. 1967 ஜூன் 12 அன்று மத்திய வங்கியான பேங்க் நெகாரா மலேசியா நாடாளுமன்றக் கட்டடம் பொறித்த முதல் வரிசையை வெளியிட்டபோதும் 50 காசில் இவ்வரி தொடர்ந்தது, பிழையும் தொடர்ந்தது. வரியில்லாத 1969ஆம் ஆண்டு 50 காசு இன்றும் மலேசியச் சேகரிப்பாளர்கள் தேடும் அரிய காசுகளில் ஒன்று. 1971 முதல் விளிம்பில் வங்கியின் பெயரே பொறிக்கப்பட்டது. அதே ஆண்டு ஷா ஆலாமில் வங்கியின் நாணயச்சாலை தொடங்கியது.

1970களில் ஒரு காசு வெண்கலத்திலிருந்து செம்பு பூசிய எஃகுக்கு மாறியது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். காந்தம் வைத்தால் தெரிந்துவிடும். 1989இல் செம்பருத்தி வரிசை வந்தது. 2005 டிசம்பரில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) நாணயம் செல்லாததானது. 2008 ஏப்ரலிலிருந்து விலைகளை ஐந்து காசுக்குச் சரிக்கட்டும் முறை வந்ததும் ஒரு காசும் புழக்கத்திலிருந்து ஒதுங்கியது. டின்னில் போட்டு வைத்த சில்லறையைப் பலர் கொட்டிப் பார்க்கத் தொடங்கியதற்கு இவை நல்ல காரணங்கள்.

இத்துறையில் அடிப்படை நூல் சரண் சிங்கின் மலேசியா, சிங்கப்பூர், புருணை நாணயக் கலைக்களஞ்சியம் (1986). காசுகளை நேரில் காணக் கோலாலம்பூர் சாசானா கிஜாங்கில் உள்ள வங்கியின் அருங்காட்சியகம் இருக்கிறது. கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்க வேண்டுமென்றால் பெட்டாலிங் ஜெயா, தாமான் ஜெயா எல்ஆர்டி நிலையத்தை ஒட்டிய அம்கார்ப் மாலில் வார இறுதியில் கூடும் பழம்பொருள் சந்தைக்குப் போகலாம்.

அங்கே போகிறவர் பூதக்கண்ணாடியோடு சிறு தராசும் அளவுகோலும் எடுத்துச் செல்வது நல்லது. சுத்தியலால் தட்டியது, அமிலத்தில் ஊறியது, ராவியது எல்லாம் சேதம்தான், பிழையல்ல. முதல் வரிசை 50 காசு சுமார் 9.3 கிராம் எடை, 27.8 மில்லிமீட்டர் குறுக்களவு. பாதுகாப்பு வரியை மறைக்க விளிம்பை ராவினால் பற்களும் சேர்ந்தே போய்விடும். பற்களைத் திரும்ப வெட்டினாலும் இழந்த உலோகம் திரும்பாது; அந்தக் குறைவு தராசில் தெரியும்.