சிரித்து வாழ்ந்த மதுரம்

"பெண் சிரித்தால் போச்சு, புகையிலை விரித்தால் போச்சு" என்பது நம்மவர் பழமொழி. புகையிலைத் தோட்டங்களை அறிந்த யாழ்ப்பாணத்தவர்க்கு இதற்கு விளக்கம் வேண்டுவதில்லை. விரித்த இலை மணமும் காரமும் இழப்பது போல, வாய்விட்டுச் சிரித்த பெண் மதிப்பிழப்பாள் என்பது கருத்து. இக்கருத்து எத்துணைப் பிழையானது என்பதை வாழ்ந்து காட்டியவர் நகைச்சுவை நடிகை டி. ஏ. மதுரம்.

பாய்ஸ் கம்பெனிகள் புகழுடன் விளங்கிய காலத்தில், பெண் வேடங்களையும் சிறுவர்களே தாங்கினர். மேடையேறிய பெண்ணின் பாட்டைக் கேட்டு மகிழ்ந்தவர்களும் அவளைத் தம் வீட்டுப் பெண்களுக்குச் சமமாக எண்ணினாரில்லை. பின்னர்ப் பேசும்படம் பிறந்தது. பின்னணிப் பாடல் பரவாத அந்நாளில் நடிப்பவரே பாடவும் வேண்டும். மதுரம் பாடினார், சிரித்தார், சிரிக்கவும் வைத்தார். 1936இல் வெளிவந்த "வசந்தசேனா" படத்தில் என். எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து நடித்தார். திரையிற் சேர்ந்த இருவரும் வாழ்க்கையிலும் துணைவராயினர்.

இவ்விருவர் நகைச்சுவையில் ஒரு புதுமை உண்டு. கணவன் பேச, மனைவி தலைகுனிந்து கேட்பதோடு அது முடிவதில்லை. அவர் ஒன்று சொன்னால் இவர் ஒன்பது சொல்வார். அவர் பாட்டிற்கு எதிர்ப்பாட்டுப் பாடி மடக்குவார். தோற்ற கணவனைக் கண்டு கொட்டகையே சிரித்தது. மனைவிக்கும் வாயுண்டு, அறிவுண்டு என்பதை எந்தப் பிரசங்கமுமின்றி மக்கள் ஒப்புக்கொண்டனர்.

ஆயினும் அவருடைய பெருமை துன்பத்திலேதான் துலங்கிற்று. இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944இல் கிருஷ்ணன் கைதானார். 1945இல் ஆயுள் தண்டனை பெற்றார். மதுரம் மூலையில் முடங்கிவிடவில்லை. எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு என். எஸ். கே. நாடக சபையைத் தளரவிடாது காத்தார். வழக்கையும் விடாது நடத்தினார். மேல்முறையீடு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1947இல் கிருஷ்ணன் விடுதலையானார். அதே ஆண்டில், சபை மேடையேற்றிய "பைத்தியக்காரன்" நாடகமும் படமாக வெளிவந்தது.

1957இல் கணவரை இழந்த மதுரம் 1974இல் மறைந்தார்.

இளைஞர்களே, சிரித்த பெண்ணால் குடும்பம் கெடவில்லை. அவர் உழைப்பினால் ஒரு குடும்பமும் ஒரு நாடக சபையும் நிலைத்தன. நம் இல்லத்துப் பெண் பாடும்போதும் சிரிக்கும்போதும் "மெல்ல, மெல்ல" என்று அடக்குமுன் இதனைச் சற்றே சிந்திப்போமாக. புகையிலைக்குச் சொன்னது புகையிலையோடு போகட்டும்!